பன்னிரண்டு வருட உம்றா

பாரிஸில் அந்த இரும்புக் கோபுரத்தின் அடியில் நான் நின்றிருக்கிறேன். எல்லோரும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பில் இருந்த குழந்தையின் நெப்பி நிரம்பி வழிந்து என் சட்டைவரை வந்துவிட்டது. கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு அந்தப் பாஷை தெரியாது.

உலகத்தை நான் இப்படித்தான் சுற்றிப் பார்த்தேன். குவைத்தில் நான் வேலை செய்த வீட்டுக்காரர்களுக்குக் கோடை வெயில் ஒத்துக்கொள்ளாது. பெட்டிகள், பிள்ளைகள், நான் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். லண்டன், ஜெனீவா, இஸ்தான்புல், பாரிஸ். ஆட்கள் காசு சேர்த்து, படம் பிடித்து, பெருமையாகப் போய்வருகிற இந்த ஊர்களைப் பற்றி என்னிடம் கேட்டால், எங்கே கழிவறை சுத்தம், எந்த ஹோட்டலில் லிஃப்ட் ஆமை வேகத்தில் வரும், எந்தக் கடையில் பால் போத்தலுக்குச் சுடுதண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள் என்று சொல்லுவேன். லண்டனில் பிள்ளைகளின் கட்டில்களுக்கு நடுவே கீழே படுத்தேன். நிலத்துக் கம்பளம் நல்ல மெத்தென்று இருந்தது, குறை சொல்லமாட்டேன். இஸ்தான்புல்லில் ஒரு பெரிய பள்ளிவாசலில் மட்டும், மேடம் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு என்னைத் தொழுதுவிட்டு வரச் சொன்னார். கையிலும் இடுப்பிலும் ஒன்றும் இல்லாமல் நிற்பது எனக்கு அந்தரமாக இருந்தது. ஸலாம் கொடுத்து முடித்ததும் மகளை நினைத்து அழுதேன்.

கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் நான் குவைத்துக்குப் போகவே இல்லை. என் மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் காக்கா, ஊருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். என் கணவர் மௌத்தான பிறகு, ஏழு வயது மகளைக் காக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் யாரோ விசாரிக்க, அவர் "உம்றாவுக்குப் போயிரிக்கா" என்று சொல்லிவிட்டார். தங்கச்சியை வீட்டு வேலைக்கு அனுப்பியவர் என்ற பெயர் அவருக்கு வரக்கூடாதாம். உம்றா என்பது மக்காவுக்குப் போய் இரண்டு மூன்று கிழமையில் முடித்துவருகிற புனிதப் பயணம். என்னுடையது பன்னிரண்டு வருடம் எடுத்தது. நான் லீவில் வந்து போகும்போதெல்லாம் காக்கா சளைக்காமல் அதையே சொன்னார். கேட்டவர்களும் "அல்லாஹ் கபூல் செய்யட்டும்" என்று உதட்டில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் ஆட்களின் மரியாதையில் எனக்கு இன்றைக்கும் பெரிய மதிப்பு.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண் வீட்டார் மகளுக்கு ஒரு வீடு எழுதிக்கொடுக்க வேண்டும். அதனால் பெண்பிள்ளை பிறந்தால் முதலில் பெயர் வைப்போம், அடுத்ததாக வளவில் அத்திவாரம் போடுவோம். என் உம்றா நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் அத்திவாரம் தானாகவே எழும்பி வீடாகியது. தேக்கு ஜன்னல், நிலத்துக்கு டைல்ஸ், முன்னால் இரும்பு கேட். மாவடிப்பள்ளியில் இருக்கிற தன் வயல் விளைச்சலில் கட்டியதாகக் காக்கா சொன்னார். அந்த வயல் எந்தப் போகத்திலும் ஒரு கேட் வாங்குமளவுக்கு விளைந்ததில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

நான் ஒரேயடியாகத் திரும்பி வந்து இரண்டு வருடமாகியிருந்தபோது மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் அரசாங்கக் கந்தோரில் வேலை, நல்ல குணம் என்றார்கள். மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். போட்டோவைப் பார்த்துவிட்டு "ஓம், சரி உம்மா" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் என்னிடம் "சரி உம்மா" என்றுதான் சொல்லுவாள். சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் சரி, நான் எடுத்த சட்டைத்துணி பிடிக்காவிட்டாலும் சரி. ஒரு நாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. நான் வேலைக்காரியாகப் போனது அவளுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை, இந்தக் கலியாணத்தையாவது ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காக்கா காலையிலேயே வந்துவிட்டார்.

"நீ வாயத் தொறக்காத. வெளிநாட்டுக் கதை ஒண்டும் எடுக்கப்போடாது. வெளிநாட்டுக்குப் போனவட மகள் எண்டா ஆக்கள் யோசிப்பாங்க."

"நான் என்னத்துக்குக் கதைக்கப் போறன்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமாவும் வந்தார்கள். மாமா பென்சன் எடுத்தவர். அந்தக் காசில் ஒரு கூட்டத்தோடு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்ததும் ஃபோனை எடுத்துவிட்டார். ஒவ்வொரு படத்திலும் பின்னால் ஒரு நாடு, முன்னால் அவருடைய முகம். முகம் பெரிதாக இருந்ததால் நாடு சரியாகத் தெரியவில்லை. காக்கா "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று ஒவ்வொன்றையும் பார்த்தார். பெண்ணைப் பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவில்லை. நான் வட்டிலப்பம் வைத்த இனிப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

"இது ஜெனீவா," என்றார் மாமா. "வாவிக்கு நடுவால தண்ணி வானத்துக்குப் பாயும். ராவு பகல் நிக்காது. ஒரு செக்கன் நிக்காது. அதுதான் வெள்ளக்காரன்ட வேல!"

அந்த வாவிக் கரையில் நான் அரைநாள் நின்றிருக்கிறேன். தண்ணீர் பாய்வதைக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அன்றைக்குப் பலத்த காற்று. நிறுத்திவைத்திருந்தார்கள். பிள்ளைகள் நிலத்தில் விழுந்து புரண்டு கத்தின. காற்றை அடிக்கச் சொன்னதே நான்தான் என்பது போல மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"காத்தடிச்சா நிப்பாட்டிருவாங்க," என்றேன்.

காக்கா பலமாக இருமினார்.

"யூடியூப் பாக்கிறவ," என்றார். "நாள் முழுக்க அதுதான் வேல."

மாமா ஃபோனை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க மறைக்க வேணாம். குவைத்தில இருந்தவ எண்டு ஊருக்கே தெரியும். நாங்க விசாரிச்சிட்டுத்தானே வந்த. அதில என்ன குறை? ஹலாலா உழைச்சது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வார்த்தையை ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஜெனீவாவைப் பற்றிச் சொன்ன பொய், இனிச் சொல்லப்போகிற பொய், எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாயும் "ஓம், அதில என்ன" என்று தலையாட்டினார். மாமா வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தார்.

"வீடும் நல்ல வடிவு. ஒரு குறைதான் இரிக்கி. மேல்மாடி இல்ல. மருமகனுக்கு மேல ரெண்டு ரூம் இருந்தா வசதி." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னும் பலமாத்தான் இரிக்கீங்க, மாஷா அல்லாஹ். கலியாணத்த வெச்சிட்டு, ஒரு ரெண்டு வருஷம் போய்த்து வந்தீங்க எண்டா முடிஞ்சிரும்."

"ஆக்கள் கேட்டா உம்றா எண்டே செல்லலாம்," என்றார் மாப்பிள்ளையின் தாய். அன்பாகத்தான் சொன்னார்.

காக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. மேல்மாடிக்குப் படி எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிப்பது போல இருந்தது. நானும் யோசித்தேன். மேடத்தின் நம்பர் இன்னும் என் ஃபோனில் இருந்தது. கடைசிப் பிள்ளை இப்போது நடக்கும், தூக்க வேண்டியிருக்காது. நல்ல இடம், கைவிட்டுப் போகக்கூடாது. நான் தலையை ஆட்டத்தான் போனேன்.

உள்ளறைத் திரை விலகியது. பெண்ணைக் கூப்பிட்டால்தான் அவள் வெளியே வர வேண்டும். யாரும் கூப்பிடாமலே என் மகள் வந்து நின்றாள்.

"உம்மா போக மாட்டா."

"உள்ள போ புள்ள!" என்றார் காக்கா.

அவள் போகவில்லை. காக்காவின் முகத்தையே பார்த்துக் கதைத்தாள். "மாமா, உம்றா எண்டு செல்லித்தான் நீங்க என்னயும் வளர்த்தீங்க. நான் நம்பின. உம்மாட உம்றா முடியணும் எண்டு ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் துஆக் கேட்ட நான்." விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "மேல்மாடி வேணுமெண்டா வேற வீடு பாருங்க. என்ட உம்மா எனக்கு இப்பதான் கிடைச்சிரிக்கா."

நான் தட்டை மேசையில் வைத்தேன். "ஓம்," என்றேன். "நான் குவைத்தில வேலை செஞ்சன். இனிப் போகல்ல."

மாப்பிள்ளையின் மாமா வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், தேத்தண்ணியும் குடித்தார். "செல்லியனுப்புறம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் புறப்பட்டார்கள். சொல்லியனுப்பவில்லை. காக்கா கேட்டை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டாயே என்று நான் அழுதுகொண்டே மகளை ஏசினேன். அவள் விடவில்லை.

"நீங்க தலையாட்டப் போனீங்க! நான் திரைக்குள்ளால பாத்துக்கிட்டுத்தான் நிண்ட! என்னக் கேக்காம எப்புடி உம்மா தலையாட்டுவீங்க?"

பிறகு அழுதாள், அழுது முடித்து மறுபடியும் தொடங்கினாள். உப்பு, சட்டைத்துணி, நான் வராத பெருநாட்கள் என்று எல்லாம் வெளியே வந்தன. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை என்னோடு சண்டை பிடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டாருக்குக் கேட்கும் என்று தெரிந்தும் நான் ஜன்னலைச் சாத்தவில்லை.