அறை மாறிப் போனவள்

விடுதியில் அவளை எல்லோரும் 'முதல் பெஞ்ச்' என்றுதான் கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை என்று அடுத்தவர் உடம்பில் இருப்பதையெல்லாம் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கிற படிப்பு. தன் உடம்பைப் பார்க்கத்தான் அவளுக்கு நேரமில்லை. இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வில், நுண்ணோக்கியின் மேல் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

கல்லூரி டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தசோகை எப்படி இருக்கும்னு புத்தகத்துல தேடாதம்மா, கண்ணாடியில பாத்துக்கோ. தூக்கம் எத்தனை மணி நேரம்?"

"நாலு."

"மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?"

"ரூம்ல ஒருத்தி இருக்கா. அவ பேசுவா, நான் கேப்பேன்."

அந்த ஒருத்திக்குப் பெயர் 'ரேடியோ'. முதல் வருடம் முழுக்க இவளுக்காகச் சாப்பாட்டுத் தட்டை மூடி எடுத்துவைத்தவள். அந்த வருடக் கடைசியில் ரேடியோவின் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அதன்பின் சிரிப்புப் பேச்செல்லாம் அழுகைப் பேச்சானது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மயங்கி விழுந்த பிறகு முதல் பெஞ்ச் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். உட்கார்ந்து சாப்பிட்டாள். மாலையில் வகுப்புத் தோழிகளோடு மைதானத்தை ஆறு சுற்று நடந்தாள். "இந்தத் தடவை முதல் ரேங்க் வராதுப்பா" என்று போனில் சொல்லியும்விட்டாள். "ரேங்க் கிடக்கட்டும், சாப்பிட்டியா?" என்றார் அப்பா. இத்தனை வருடம் எதற்குப் பயந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

மிச்சம் இருந்தது அறை மட்டும்தான். வார்டனிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். வகுப்பு முடிந்து வந்த ரேடியோ, கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மூணாவது மாடில ஒரு ரூம் காலியா இருக்காம். எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும். டாக்டரே சொல்லிட்டாங்க."

டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. ரேடியோ பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மேலே வரை தூக்கி வந்தாள். "ஜன்னல் பெருசா இருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோ தனியாக உட்கார்ந்திருப்பதை முதல் பெஞ்ச் பல நாள் பார்த்தாள். கையசைத்துவிட்டுத் தோழிகளோடு உட்கார்ந்துகொண்டாள். அடுத்த பருவம் தொடங்கியபோது ரேடியோ வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டாள் என்றார் வார்டன். போனில் கூப்பிட வேண்டும் என்று முதல் பெஞ்ச் நினைத்தாள். பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்ததும் கூச்சம் வந்தது. நாள் ஆக ஆக, கூப்பிடாமல் இருந்ததே கூப்பிட முடியாததற்குக் காரணமாகிவிட்டது.

பதினோரு வருடம் கழித்து, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு பெண் வந்தாள். கையை நீட்டியபடியே முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க முதல் பெஞ்ச்தானே? உங்க ரூம்ல இருந்தாளே, அவளோட அக்கா நான். போட்டோவுல பாத்திருக்கேன்."

"எப்படி இருக்கா?"

"இப்ப பரவாயில்ல. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. நடுவுல ரெண்டு வருஷம் வீட்ட விட்டே வெளிய வரல. ஆனா உங்கள ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. 'பாவம், அவளே மயங்கி விழுந்துட்டா, அவகிட்ட போய் என் பாட்டையே பாடிட்டிருந்தேன்'னு சொல்லுவா."

அன்று அவளுக்கு நரம்பு அகப்படவில்லை. இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். "நான் அப்படி விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"ரூம் மாறுனது தப்பில்ல. மாறுன பிறகு ஒரு தடவையாவது கீழ இறங்கி வந்திருக்கலாம்" என்றாள் ரேடியோ. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சரி, கடையில ஆள் வந்துட்டாங்க, வைக்கட்டுமா?"

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை இவள்தான் கூப்பிடுகிறாள். சில தடவை ரேடியோ எடுக்கிறாள். சில தடவை மணி அடித்து நின்றுவிடுகிறது.