அவர் நகர்த்தாத சீட்டு

கும்மிடிப்பூண்டி கன்டெய்னர் யார்டில், கப்பலில் போகும் கார்களைக் கன்டெய்னருக்குள் ஓட்டி நிறுத்துவது என் வேலை. ஒருநாள் திருவள்ளூர்க்காரர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் காரை லண்டனில் இருக்கும் மகளுக்கு அனுப்பக் கொண்டுவந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டி வந்திருந்தார். நான் ஏறியதும், பழக்கத்தில் சீட்டைப் பின்னால் தள்ளினேன்.

"ஐயோ, இன்னா தம்பி பண்ட்ட!" என்று ஓடிவந்தார். "அவ குள்ளம்பா. அவ வெச்ச சீட்டு அது. ஆறு மாசமா நான் நகத்தவே இல்ல. அம்மா உக்காந்த மாதிரியே உக்காரணும்னு பொண்ணு கேட்டுது."

நான் பதறிப்போய் முன்னால் இழுத்தேன். "இவ்ளோவா சார்? இன்னும் கொஞ்சமா?"

குனிந்து சீட்டைப் பார்த்துவிட்டு, "தெரிலியேப்பா" என்றார்.

கன்டெய்னர் கதவை மூடி சீல் வைத்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.