ஹட்டன் மலையில் எழுத்தில்லாத ஒரு சின்னம்

மருதானையில் காலை ரயில் ஏறும்போதே எனக்குப் பயம். மலைநாட்டுக்குப் போய்வந்தவர்கள் குளிரையும் அருவியையும் எழுதுவார்கள். எழுதட்டும். 1938 மாசியில் ஹட்டனுக்குப் போய்வந்த என்னோடு போகும்போதும் வரும்போதும் பயம்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது. ஆகவே நான் அதைத்தான் எழுத வேண்டும். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். கொழும்பில் ஓர் அச்சகத்தில் லேபல் வரைகிறேன். சோடாப் போத்தல், பீடிக்கட்டு, வாசனைத் தைலம் என்று எதுவானாலும் அதற்கு ஒரு முகம் கொடுப்பது என் தொழில். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் சரக்கெடுக்க வந்தபோது என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்: “தோட்டத்து ஆளுங்க ஒரு மரண உதவிச் சங்கம் வைக்கிறாங்க. அதுக்கு ஒரு சின்னம் வேணும். எழுத்தே இருக்கப்படாது. படிக்காதவங்களுக்குப் புரியணும், படிச்ச வெள்ளைக்காரத் துரைக்குப் புரியப்படாது.” தொழில்காரனுக்கு இதைவிட ருசியான வேலை கிடைக்குமா? ஆசைப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். தலையாட்டும்போது பயம் வரவில்லை, அது பிறகுதான் வந்தது.

நாவலப்பிட்டியில் இன்னொரு எஞ்சினைப் பூட்டினார்கள். வட்டவளை வந்ததும் மூடுபனி ஜன்னலுக்குள் நுழைந்தது. மூன்றாம் வகுப்பில் எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். என்னிடம் ஒரு மெல்லிய சால்வை மட்டும் இருந்தது. பென்சிலும் மைப்போத்தலும் இருந்த பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஹட்டனில் இறங்கி டிக்கோயாப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் இருபது சதம். எந்தத் தோட்டம் என்று கேட்ட கண்டக்டர், பதிலைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“துரைகிட்ட சொல்லியாச்சா?”

நான் சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“சொல்லாம ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குள்ள போயிராதீங்க. வெளியாளுன்னு புடிச்சு நேரே போலீஸ்லதான் குடுப்பாங்க. ஒங்களுக்கு எடம் குடுத்த வீட்டுக்காரனையும் விடமாட்டாங்க.”

பஸ் வளைவில் திரும்பியது. இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பிடித்திருப்பேன், ஆனால் முதலாளி சொல்லியனுப்பியிருந்த வெள்ளையன் தெருவோரத்தில் நின்று கையைக் காட்டிவிட்டான்.

வெள்ளையன்தான் சங்கத்தைத் தொடங்குகிறவன். முப்பது வயதிருக்கும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போன ஆள். நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். போன மாதம் சங்கம் வைக்கக் கூட்டம் போட்டதாகச் சந்தேகப்பட்டு ஒரு குடும்பத்தை வேலையிலிருந்து நிறுத்தி, லயத்தைக் காலி செய்ய வைத்திருக்கிறார்கள். பெண்டு பிள்ளை, சட்டி பானையோடு அவர்கள் ரோட்டில் நின்றார்களாம். அக்கம்பக்கத்துத் தோட்டம் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

“மாட்டுனா அடுத்தது நாங்கதான் அண்ணே. அவ வேற மாசமா இருக்கா” என்றான். அவ என்றால் அவன் மனைவி மூக்காயி.

போகிற வழியில் மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி வாய்க்காலோரம் திரும்பி நின்று வெற்றிலை துப்பினார். அந்த ஒரு கணத்தில் ஒருத்தி தன் கைப்பிடிக் கொழுந்தைப் பக்கத்தில் நின்றவளின் கூடையில் போட்டாள். மேலே இருந்த இன்னொருத்தியும் போட்டாள். கங்காணி திரும்பியபோது எல்லாக் கைகளும் செடிமேல் இருந்தன.

லயத்தில் அவர்களுக்கு ஒரே அறை. மூக்காயி என்னை வரவேற்ற விதம் மறக்காது. “வாங்கண்ணே. ஒக்காருங்க. ஒங்கள என் ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்லி வச்சிருக்கேன். ஊமைன்னும் சொல்லிட்டேன்.”

“ஊமையோ? ஏன்?”

“இந்தா, இதுக்குத்தான்! ஒங்க யாழ்ப்பாணப் பேச்சக் கேட்டா நீங்க எங்க துறையூர்ப் பக்கத்து ஆளுன்னு எவன் நம்புவான்?”

வாய்தான் என் முதல் எதிரி என்று அன்று தெரிந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மட்டுமே பேசினேன், அதுவும் குசுகுசுவென்று.

கொழும்பிலிருந்து நான் வரைந்து கொண்டுபோன சின்னத்தை விரித்தேன். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது. கொழும்புச் சங்கங்கள் பலவற்றுக்கு அதுதான். மூக்காயி பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டாள். “இது கிளப்புல துரைமாருங்க செய்றதாச்சே? நம்மள்ல யாரு யாருக்குக் கை குடுத்தா?”

எனக்குக் கோபம் வந்தது. கலைஞனாயிற்றே! ஆனால் என்ன செய்ய, அவள் சொன்னது சரி. வழியில் பார்த்ததை அவளிடம் கேட்டேன்.

“அதுவா? கொழுந்து எடை கொறைஞ்சா கணக்கப்பிள்ள அரைப்பேருதான் போடுவாரு. அரைநாள் சம்பளம் போயிரும். காச்சக்காரி, புள்ளத்தாச்சி, இவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை போட்டு நெறைச்சு விடுவோம். கங்காணி கண்டா போட்டவளுக்கும் அரைப்பேரு, வாங்குனவளுக்கும் அரைப்பேரு.” தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். “இப்ப என் கூடைக்குத்தான் போடுறாங்க.”

சின்னம் கிடைத்துவிட்டது! ஒரு கூடை. நாலா பக்கத்திலிருந்தும் அதற்குள் கொழுந்து போடும் எட்டுக் கைகள். துரை பார்த்தால் கொழுந்துக் கூடை என்று போய்விடுவார். ஆனால் செடியடியில் நின்ற எவருக்கும் ஒரு பார்வையில் புரியும். வெள்ளையன் மட்டும் முகம் வெளுத்துப்போனான். “கங்காணிக்கும் புரியுமே அண்ணே. அவரும் செடியடியில நின்னவருதானே.”

மறுநாள் ஞாயிறு, வேலையில்லை. மூக்காயி பிடிவாதமாகச் சொன்னபடி அதையே பெரிய தாளில் வரைந்து மை போட்டுக்கொண்டிருந்தேன். கைகளும் கூடையும் முடிந்துவிட்டன. வாசலில் செருப்புச் சத்தம். கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி உள்ளே வந்துவிட்டார். வெள்ளையன் குழாயடிக்குப் போயிருந்தான்.

“யாரும்மா இது?”

“எங்கண்ணங்க. வாய் பேச வராது. படம் போடுவாரு.”

கங்காணி தாளைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். பயத்தில் எனக்கு ஊமையாக நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“கூடைக்கு எதுக்கும்மா இத்தனை கை?”

மூக்காயி கண் இமைக்கவில்லை. “கூடைக்கு இல்லீங்க. அம்மனுக்கு. மாரியாத்தாவுக்குக் கை நெறைய இருக்கும்ல?”

“சூலம் எங்க? உடுக்கை எங்க? கையெல்லாம் கொழுந்தா இருக்கு.”

“நம்ம தோட்டத்து ஆத்தா கொழுந்து புடிக்காம வேறென்னத்தப் புடிப்பா?”

“மொகத்தக் காணோமே.”

“இனிமேதாங்க போடணும். அண்ணே, போடுங்க.”

தாள் மறுபடி என் முன்னால் வந்தது. கங்காணி குந்திக்கொண்டார், நான் வரைவதைப் பார்க்க! வாழ்க்கையில் எத்தனையோ முகம் வரைந்திருக்கிறேன், எதையும் ஒரு கங்காணியின் மூச்சு படும் தூரத்தில் வரைந்ததில்லை. அவசரத்தில் அம்மனின் கண் ஒன்று கொஞ்சம் அகலமாகிவிட்டது. நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, கிரீடம். கைகளைத் தோள்களோடு சேர்த்தேன். கூடை அம்மனின் மடிக்குப் போனது. முடித்து நிமிர்ந்தால், கங்காணி தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்.

“வாய் குடுக்காத கடவுளு கையக் குடுத்துருக்கான்” என்று சொல்லிப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மூக்காயி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளையன் வந்து கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். அங்கத்துவ அட்டைக்குக் கைகளையும் கூடையையும் மட்டும் கொழும்பில் அச்சுக்கட்டையாக வெட்டித் தருவது என்று முடிவாயிற்று. அட்டையில் முகம் வேண்டாம் என்றான்.

திங்கள் விடியும்போதே புறப்பட்டேன். ரோட்டுக்குப் போக வழி ஒன்றுதான், அது காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போகிறது. வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடியிருந்தார்கள். களத்தோரத்து அம்மன் கோயிலின் தகரக் கதவில் என் படம்! கங்காணி அதற்குச் சாமந்தி மாலை போட்டுப் பக்கத்திலேயே பெருமையாக நின்றார்.

கூடையோடு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்று படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்திகூட முகத்தைத் தொடவில்லை. பாதம் இருந்த இடத்தையும் தொடவில்லை. எல்லோரும் கைகளைத்தான் தொட்டார்கள். மூக்காயி முதல்நாள் குழாயடியில் அந்தக் கைகளின் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறாள்.

வழியனுப்ப வந்தவளின் காதருகே, ஊமை என்பதையும் மறந்து, “தங்கச்சி, பயமாக்கிடக்கு. கங்காணி பாத்துக்கொண்டு நிக்கிறார், முகத்தைத் தொடச் சொல்லுங்கோ” என்றேன்.

“சொன்னா கேப்பாங்களாண்ணே? நீங்க வாய மூடிக்கிட்டு நடங்க.”

நடந்தேன், திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. ஹட்டனில் ரயில் ஏறி, வட்டவளை தாண்டி, வெயில் வந்த பிறகும் சால்வையைத் தலையோடு போர்த்தியபடியே இருந்தேன். நான் தப்பி வந்துவிட்டேன். அவர்கள் நாளையும் அந்தப் படத்தின் முன்னால்தான் பேர் கொடுக்க வேண்டும்.

கொழும்பில் தினமும் லேபல் வரைகிறேன். எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றே ஒவ்வொரு கோட்டையும் போடுகிறேன். அந்த ஒரு படத்தை மட்டும் அதன் பக்கத்திலேயே நிற்கும் ஒரு மனிதர் சரியாகப் பார்த்துவிடக் கூடாதே என்று இன்றைக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.