யார் வயிற்றுக்கு?

கத்தியை மீன்மேல் வைத்துவிட்டு, "யார் வயித்துக்கு?" என்று கேட்பான் முசல்லம். பதில் வந்த பிறகுதான் வெட்டு. எங்கள் கடலோர ஊரான சூரின் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் "துண்டா, முழுசா?" என்பதோடு சரி.

இவன் என் சின்னம்மா மகள் ஷம்ஸாவின் மூன்றாவது பிள்ளை. காது மட்டும் தகப்பன் வழி, விசிறி மாதிரி. பாடிக்கொண்டேதான் செதில் உரிப்பான். வீட்டுக்குக் கிளம்புமுன் எலுமிச்சம்பழத்தால் விரலிடுக்கெல்லாம் தேய்ப்பான். அப்படியும் மனைவி ரய்யா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

ரய்யா முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது தொற்றிய கேள்வி இது. பெரிய மீனில் பாதரசம் இருக்கும், வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். இவனோ தோல், ஈரல், கறுப்புச் சதையெல்லாம் சீவித் தள்ளிவிட்டு, "விஷத்தை வெட்டி எடுத்தாச்சு" என்று மாதக்கணக்கில் சுறா கொடுத்தான். "சதை முழுக்க ஊறியிருக்கும்பா. உன் கத்திக்கு அது எட்டாது" என்றாளாம் நர்ஸ், பின்னால் இதைக் கேள்விப்பட்டதும். மகன் நல்லபடியாகப் பிறந்து, முதல் வார்த்தை பேசும்வரை இவன் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை.

போன வியாழன் என் நாத்தனார் ஸுவைனா, கைவண்டியில் இடுப்புயரச் சுறாவோடு வந்தாள்.

"யார் வயித்துக்கு அத்தை?"

"மருமகளுக்கு. ஆறு மாசம். சுறா தின்னாத்தான் பால் ஊறும். நீ வெட்டுடா, வைத்தியம் பாக்காதே."

"பெரிய மீனு சின்ன மீனையெல்லாம் தின்னு தின்னு பாதரசத்தைச் சேத்து வச்சிருக்கும் அத்தை. வேண்டாம்."

"எட்டு பெத்தேன், எட்டுக்கும் சுறாதான். எதுக்குடா மூளை கொறஞ்சுபோச்சு?"

"உன் மூத்தவன் ஹுமைத்து, போன வாரம் கார் சாவியை ஐஸ் பெட்டியில போட்டு மூடிட்டு ஊரெல்லாம் தேடினானே!"

ஒன்பது மேசையும் சிரித்தது. அவளுக்கும் அடக்க முடியவில்லை.

"சரிடா, காதா! சுறா ஆம்பளைங்களுக்கு. அவளுக்கு எது?"

சுறாவைத் துண்டுபோட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மத்தியை அள்ளிப் பையில் போட்டான். "சுட்டுக் குடு. தெம்பா இருப்பா."

அவள் போனதும், வயிறு தரை தட்டும் சினைப்பூனை ஒன்று மேசைக்கடியில் கிடந்த சுறாத்துண்டைக் கவ்வியது. முசல்லம் குனிந்து அதைப் பிடுங்கிக் கடற்காக்கைகளுக்கு எறிந்தான். பிறகு ஒரு மத்தியை முள்ளெடுத்துப் பூனைமுன் வைத்தான்.