ஒன்பதாம் வகுப்புக் கட்டுரையில் நான்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தேன். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அங்கே கம்ப்யூட்டர் அறை வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய டீச்சரும் அப்படித்தான். சாயங்காலம் பெட்டிகளுக்குத் துணி உறை போட்டு மூடி, கதவைப் பூட்டிச் சாவியை நான்தான் வைத்துக்கொள்வேன். அதனால் அந்தப் பெட்டிக்குள் எதைப் போட்டாலும் அது அந்த அறையோடு இருக்கும் என்று நினைத்திருந்தேன். வேறு எப்படி நினைப்பேன்? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர் புதுவிதமாக வீட்டுப்பாடம் கொடுத்தார். உழைக்கிற ஒருவரிடம் பேசி அவர் கதையை எழுத வேண்டும். நோட்டில் அல்ல, கம்ப்யூட்டரில். இன்டர்நெட் என்று ஒன்றாம், அதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கமாம், நன்றாக வந்ததை அங்கே போடுவார்களாம். வாசிக்கிறவர்கள் கீழே தங்கள் கருத்தை எழுதலாமாம்.

மதியச் சாப்பாட்டு நேரம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆயாம்மா, நான் உங்களப் பத்தித்தான் எழுதப் போறேன்.”

“என்னப் பத்தி எழுத என்ன கெடக்கு? வாசல்ல கடலமுட்டாய் விக்காருல்லா அண்ணாச்சி, அவர எழுது. வாய் ஓயாமப் பேசுவாரு.”

“அவர எழுத ஒரு கூட்டமே நிக்கு ஆயாம்மா.”

நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்தப் பிள்ளை ஈரத்தரையில் சீருடையோடு உட்கார்ந்துவிட்டாள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று ஆரம்பித்து, “உங்க வீட்டுல அவுங்க என்ன வேல பாக்காங்க?” என்று கேட்டாள். அங்கே என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அப்பா எங்களை விட்டுப் போனார். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காய் மண்டி, அங்கேயே இன்னொரு குடும்பம். நான் சீவலப்பேரியை விட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் அவர் காசிக்குப் போய்ச் சாமியாராகிவிட்டார் என்றேன். சைவ வீடுகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மகளிடமும் அதுதான். அவளைக் கல்லிடைக்குறிச்சியில் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டிலும் அதுதான். நிஜம் தெரிந்தது என் அண்ணனுக்கும் மதினிக்கும் மட்டும். அவர்கள்தான் தாரைவார்த்துக் கொடுத்தார்கள்.

மகளுக்கு அப்போது ஐந்து மாசம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்து, பிள்ளைத்துணிக்குப் பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். அந்தச் சந்தோஷமோ என்னவோ, அந்தப் பிள்ளை கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“இத எங்கன போடுவே?”

“கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் ஆயாம்மா.”

அப்ப சரி என்றேன்.

மாப்பிள்ளையின் அக்காள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அமெரிக்காவில் இருக்கிறாள். தான் படித்த பள்ளிக்கூடத்துப் பக்கத்தை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் திறந்து, என் கதையை வாசித்திருக்கிறாள். உடனே அம்மாவுக்குப் போன்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

“எம்மா, அப்பா ஸ்ரீவைகுண்டத்துலயா இருக்காரு?”

வெயிலில் நிற்காதே என்று அவளை நிழலுக்கு இழுத்தேன்.

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம காசியப் பாத்துக் கும்பிடச் சொன்னியே. நானும் கும்பிட்டேனே. அவரு மண்டியில வாழத்தாரு ஏலம் விட்டுக்கிட்டு இருந்திருக்காரு.”

“எல்லாம் ஒனக்காகத்தாம்ட்டி...”

“எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாய் வரல. எவளோ ஒரு புள்ளகிட்டச் சொல்ல வந்திருக்கு. எங்க மாமியா சொல்லி நான் தெரிஞ்சுக்கிடணும்.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

டீச்சரிடம் ஓடினேன். அதை அழித்துவிடுங்கள் என்றேன். “உங்க பேரே போடலையே ஆயாம்மா,” என்று பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். என் கதையை எனக்கு அவர் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பேர் இல்லைதான். காசி இருந்தது. ஸ்ரீவைகுண்டம், வாழைக்காய் மண்டி, மகளைக் கல்லிடைக்குறிச்சியில் கொடுத்தது எல்லாம் இருந்தது. இதற்கு மேல் பேர் எதற்கு? கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். கண்ணீர் வந்தது என்று கனடாவிலிருந்து ஒருவர். இந்தப் பெண்ணின் துணிச்சலை வணங்குகிறேன் என்று இன்னொருவர்.

“பாருங்க, எங்கெங்கயோ இருந்து பாராட்டுதாங்க.”

கட்டுரை ஏதோ போட்டிக்குப் போயிருப்பதால் முடிவு வரும்வரை எடுக்க முடியாதாம். முடிவும் வந்தது. அந்தப் பிள்ளை லட்டு கொண்டுவந்து, “ஆயாம்மா, நம்ம கட்டுரைக்குப் பரிசு,” என்றாள். சின்னப்பிள்ளை, பாவம் என்பார்கள். எனக்கு அவள் மேல் கோபம் உண்டு, இன்னும் தீரவில்லை. டீச்சர் மேல் அதைவிட உண்டு. ஒருத்தி சொன்னதை ஊருக்குக் காட்டும் முன், காட்டட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லிக்கொடுக்காமல் என்ன பாடம் நடத்தினார்?

வளைகாப்பைச் சம்பந்தி வீட்டிலேயே முடித்தார்கள். “பொய் சொல்லிப் பொண்ணு குடுத்த வீட்டுக்கு எங்க பேரப்பிள்ளைய அனுப்ப மாட்டோம்,” என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள் விட்டுச் சொன்னாள். பிரசவம் அம்பாசமுத்திரத்தில் நடந்தது. ஆண் பிள்ளை. பேர் வைக்கிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

போனேன். கூடத்தில் நடு நாற்காலியில், பட்டு வேட்டியும் மை பூசிய தலையுமாக அவர் உட்கார்ந்திருந்தார். மண்டிக்காரர் என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா நேரே ஸ்ரீவைகுண்டம் போய்ப் பேசிக் கூட்டி வந்திருக்கிறார். வந்தவர் பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போட்டு மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மகள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“பாத்தீங்களா மதினி, சாமியாரு காசியில இருந்து வந்துட்டாரு,” என்றாள் சம்பந்தியம்மாள். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

நான் அடுப்படிக்குப் போய் ஓரமாக நின்றேன். பைய மகள் உள்ளே வந்து காபி டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“அப்பாவுக்குக் கொண்டு குடும்மா. அவருக்குச் சீனி வியாதி, சீனி போடல.”

எனக்கு அது தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.