கைக்குட்டைச் சோதனை

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சிமெண்ட் கடையில் வேலை. சம்பளம் வாங்குவது சிமெண்ட் விற்பதற்குத்தான். ஆனால் கடைக்குள் கால் வைக்கிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்ல எத்தனை ஜன்னல்?" என்பது. ஐம்பது மூட்டை கேட்டு வந்தவருக்கு, மண்ணை அழுத்திச் செய்த கல்லில் கட்டினால் பூச்சு வேலையே மிச்சம் என்று படம் போட்டு விளக்கி, முப்பது மூட்டையோடு அனுப்பிவைப்பார். முதலாளிக்கு வயிறு எரியும். இருந்தாலும் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. குறைத்துச் சொன்ன மனிதரை நம்பி ஊரில் பாதிப் பேர் அந்தக் கடையைத் தவிர வேறு கடைப் படி ஏறுவதில்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'ஜன்னல்'.

நான் ஏசி மாட்டுகிறவன். எங்கள் இருவரையும் ஒரே குடும்பத்தில் கொண்டுவந்து சேர்த்த கடவுளுக்குக் குறும்பு ஜாஸ்தி.

அத்தான் முன்பெல்லாம் இப்படி இல்லை. தன் சொந்த வீட்டை அவர் கட்டியபோது, மேற்குப் பக்கம் முழுக்கச் சுவர், மேலே கான்கிரீட், முன்னால் பெரிய கண்ணாடி என்று ஆசை ஆசையாகக் கட்டினார். கோடை வந்தால் அந்த வீட்டுக்குள் அப்பளத்தை வெறுங்கையில் காட்டினாலே பொரிந்துவிடும். வீடு கட்டி ஆறு வருஷம் கழித்துத்தான் சுற்றுவட்டாரத்துப் பசுமைக் கட்டடக் குழுவின் கூட்டத்துக்கு, மழைக்கு ஒதுங்கப் போய் உட்கார்ந்தார். மழை விட்டது. அவர் வெளியே வரவில்லை. அடுத்த வருஷம் செயலாளர் ஆகிவிட்டார்.

அந்தக் குழுவில் நாலு ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். தலைவி ஒரு பல் டாக்டர் அம்மா. பெரிய தலை என்று சொன்னால் ஒரு கொத்தனார். யாருக்கும் ஒரு பைசா வருமானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டி பிடித்துக் கிளம்பி, வீடு கட்டுகிறவர்களிடம் காற்று எந்தப் பக்கம் வருகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று விசாரிப்பார்கள். நல்ல வீடாக இருந்தால் வாசலில் ஒரு பச்சை இலைத் தகடு அடித்துக் கொடுப்பார்கள். அந்த இலையைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு.

கோடையில், மத்தியானம் இரண்டு மணிக்கு, குழுவில் ஐந்து பேர் அந்த வீட்டு அறை ஒன்றில் போய் உட்காருவார்கள். மின்விசிறி கூடாது. ஒவ்வொருவர் முழங்கால் மீதும் இஸ்திரி போட்டு மடித்த கைக்குட்டை ஒன்று இருக்கும். மூன்று மணிக்குள் வேர்வை துடைக்க மூன்று கைக்குட்டை பிரிந்தால் வீடு தோல்வி. வெப்பமானி வைத்துப் பார்க்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "வெப்பமானிக்கு வேர்க்குமா மாப்ளே?" என்றார் அத்தான்.

வினை ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் வந்தது. அத்தான் ஒரு மணி நேரம் பேசி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிங்க, உங்க வீட்ல அந்த இலை இருக்கா?" என்றார். சபை சிரித்தது. அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு சமாளிப்பு சமாளித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"இன்னும் மூணே மாசம். என் வீட்ல அதே சோதனை நடக்கும். தேறலன்னா செயலாளர் பதவியை விட்டுடறேன். என் மச்சான் வந்து ஏசியும் மாட்டிட்டுப் போகட்டும்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா அந்த வீட்டில் பன்னிரண்டு கோடை வெந்திருக்கிறாள். என் கடையில் ஒரு புது ஏசிப் பெட்டியை எடுத்து அவளுக்கென்று தனியாக ஓரம் கட்டிவைத்தேன்.

அத்தான் வீட்டை ஒரு வழி ஆக்கினார். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். மேற்குச் சுவரில் கொடி ஏற்றினார். கொடியோடு எறும்பும் ஏறியது. சூடான காற்று வெளியே போக, படுக்கையறைச் சுவரில் உச்சியில் இரண்டு துவாரம் போட்டார். காற்று போனதோ இல்லையோ, பேச்சு போனது. ஒரு நாள் அக்கா, "உப்பு டப்பாவை எங்கங்க வெச்சீங்க?" என்று கேட்க, பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "ஜன்னல் மேல வெச்சதா நேத்து சொன்னாரே!" என்று பதில் சொன்னார்.

சோதனைக்கு நான்கு நாள் முன்னால் நான் ரகசியமாகப் போய், சோதனை நடக்கப்போகும் அந்தப் படுக்கையறையில், அதே இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தேன். முன்பு போல வேகவில்லை, உண்மை. ஆனால் இரண்டரைக்குள் என் கைக்குட்டை நனைந்து, அக்காவின் துண்டும் நனைந்தது.

"தேறாதுக்கா," என்றேன்.

"தெரியும்," என்றாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "தூக்கத்துலகூட சோதனை பத்தித்தான்டா பேசறாரு. பதவி போச்சுன்னா இந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

சோதனை நாளும் வந்தது. வெளியே வெயில் தார் உருகக் காய்ந்தது. நானும் சாட்சிக்குப் போனேன். ஏசி மாட்ட அளவு எடுக்கும் டேப் சட்டைப் பையில் இருந்தது. பல் டாக்டர் அம்மா, கொத்தனார், இன்னும் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐந்து முழங்கால், ஐந்து கைக்குட்டை. அத்தான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி விழித்தார்.

இரண்டேகால். ஒரு கைக்குட்டையும் அசையவில்லை. இரண்டரை. கொத்தனார் கொட்டாவி விட்டார். நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. எப்படி இது?

இரண்டு நாற்பது. மேலே துவாரத்திலிருந்து பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் வந்தது: "என்னங்க, தேறிடுச்சா?"

"பேசக் கூடாதும்மா!" என்றார் டாக்டர், சுவரைப் பார்த்து.

அந்த நிசப்தத்தில்தான் அது கேட்டது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த என் வண்டி சீட்டின் மேல், மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது. அத்தான் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். விறுவிறுவென்று படி ஏறினார்.

திரும்பி வந்தபோது கையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கோணிச் சாக்கு. அதை அறை நடுவில் போட்டார்.

"மாடி பூரா ஈரச் சாக்கு. நான் போட்டது இல்ல. எனக்குத் தெரியாது," என்றார். குரல் உடைந்திருந்தது. "வீடு தேறல. நான் விலகிக்கறேன்."

டேப்பைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். இன்னும் பதினைந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இலை வாசலில் ஏறியிருக்கும். என்ன மனுஷன் இவர்!

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். "நான்தான் போட்டேன். என்ன இப்போ?"

அத்தான் அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் இடையில் பேசியிருப்பேன்.

கொத்தனார் சாக்கைத் தூக்கிப் பிழிந்து பார்த்தார். "புதுக் கான்கிரீட்டுக்குப் போடற மாதிரி போட்டிருக்கீங்களே! யாரு சொல்லிக் குடுத்தது?"

"இந்த வீட்டுக் கான்கிரீட்டுக்கே இருபத்தோரு நாள் நான்தாங்க தண்ணி விட்டேன். அப்ப அவரு கடையில இருந்தாரு."

"எந்தத் தண்ணி?" டாக்டர் அம்மா எழுந்தே விட்டார்.

"துணி அலசின தண்ணி. நல்ல தண்ணியப் போய் மாடியில கொட்டுவாங்களா?"

அவ்வளவுதான். ஏமாற்று வேலை நடந்திருக்கிறது என்று ஒருவராவது முகம் சுளிக்க வேண்டுமே? இந்தக் கூட்டத்துக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஐந்து பேரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை வாளி? காலையிலா, மாலையிலா? சாக்கு எத்தனை அடுக்கு? அவசரத்தில் கொத்தனார் தன் கைக்குட்டையைப் பிரித்து அதிலேயே குறிப்பு எழுதினார். அத்தானை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத் தரையில் தனியாக நின்றுகொண்டு, "நான் விலகிட்டேன்னு சொன்னேன்," என்று இன்னொரு தடவை நினைவுபடுத்தினார்.

"சரி, விலகிக்குங்க," என்றார் டாக்டர், திரும்பாமலே. "அம்மா, நீங்க செயலாளரா வர்றீங்களா?"

அக்கா சிரிப்பாள், மறுப்பாள் என்று நினைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "வரேன். ஆனா சோதனைத் தாள்ல ஒரு கேள்வி சேக்கணும்."

"என்ன கேள்வி?"

"இந்த வீடு குளிர்ச்சியா இருக்க, இந்த வீட்ல யாருக்கு இடுப்பு வலிக்குது? ஒருத்தருக்கே வலிச்சா இலை கிடையாது. நாலு நாளா, தினம் இருபத்தெட்டு வாளி, ஒத்தை ஆளாத் தூக்கியிருக்கேன்."

மேலே துவாரத்திலிருந்து பக்கத்து வீட்டு அம்மா கை தட்டினார்.

புதுக் கேள்வியின்படி தோற்ற முதல் வீடு அக்காவின் வீடுதான். புதுச் செயலாளரே கையெழுத்துப் போட்டாள். மறு சோதனை அடுத்த கோடையில். அதுவரை தினமும் காலையில், கடைக்குப் போகும் முன், முன்னாள் செயலாளர் துணி அலசின தண்ணீரை வாளி வாளியாக மாடிக்குத் தூக்குகிறார். கடையில் இப்போது வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியும் மாறிவிட்டது: "உங்க மாடிக்கு எத்தனை படி?"

போன வாரம் ஏசிப் பெட்டியைத் துடைத்துவைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "இதை வேற யாருக்காவது குடுத்துடட்டுமாக்கா?"

அந்தப் பக்கம் படியில் வாளி இடிக்கும் சத்தமும், அத்தானின் "அம்மாடி!" என்ற குரலும் கேட்டன.

"அவசரப்படாதடா," என்றாள் அக்கா. "இன்னும் பதினாலு வாளி இருக்கு. பாதியை நான் தூக்கறேன்னு சொன்னா, வேணாங்கறாரு. எனக்கு எப்படி வலிச்சுதுன்னு அவரு தெரிஞ்சுக்கணுமாம்."