மாலக்கி ஃபீலியின் ஓய்வுநாள்

மாலக்கி ஃபீலி ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார் என்பது கிலரோன் என்ற கத்தோலிக்கப் பங்கு முழுவதற்கும் தெரியும். வேலிக் கம்பி அறுந்து மாடு ரோட்டுக்கு வந்துவிட்டதா? மாட்டை உள்ளே ஓட்டிவிட்டு, அறுந்த இடத்தில் ஒரு பழைய இரும்புக் கட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டுத் திங்கட்கிழமைக்குக் காத்திருப்பார். அந்தக் கட்டிலைப் பார்த்து ஊரே சிரித்தது. பக்கத்து நிலத்துக்காரர் பார்ட்லி சும்மா சிரித்துவிட்டுப் போகிற ஆளா? "ஏன்யா, மாட்டுக்கு உடம்பு சரியில்லையா? படுக்கையெல்லாம் போட்டுவச்சிருக்க!" என்று கேட்டேவிட்டார். மாலக்கியும் சேர்ந்து சிரித்தார்.

முன்பெல்லாம் இப்படிச் சிரிக்கிற மனிதர் இல்லை. பதினேழு வருடம் லாரி ஓட்டினார். காலைச் சாப்பாடு ஸ்டியரிங்கின் மேல், மதியச் சாப்பாடு பெட்ரோல் பங்கில், இரவில் எது கிடைக்கிறதோ அது. மனைவி அட்ராக்டா ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே குறட்டை கேட்கும். ஐம்பது வயதில் நடுரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லாரியை ஓரங்கட்டினார். ஆம்புலன்சில் படுத்துக்கொண்டே கடவுளுக்கு ஒரு வார்த்தை கொடுத்தார்: "என்னைப் பிழைக்க வையும். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உமக்கு."

பிழைத்தார். லாரியை விட்டார். அப்பா விட்டுப்போன நிலத்தில் எட்டு மாடுகளோடு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நேரம் வேறு மாதிரி ஓடியது, நிஜமாகவே! பகல் பன்னிரண்டுக்கு ரேடியோவில் மணி அடித்தால் கையில் வாளி இருந்தாலும் கீழே வைத்துவிட்டு மூவேளை செபம் சொல்வார், மாலை ஆறு மணிக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமை மீன். மாலையில் இருவரும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை. ரொட்டி அவரே சுட்டார். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் செல்போன் அலமாரி டிராயருக்குள் போகும். திங்கள் காலையில்தான் வெளியே வரும். அட்ராக்டா பேசினால் கேட்டார். முழுக்கக் கேட்டார், கேள்விகூடக் கேட்டார்! இருபத்து நாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் இப்போதுதான் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று அவள் தங்கையிடம் போனில் சொன்னாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டுக்கு அந்த மெதுவான நாட்கள் எவ்வளவு பெரிய வரம்!

ஆனால் போன வருட மழையில், தீவனத்துக்கு அறுத்துப் போட்ட புல் அழுகிவிட்டது. குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்குத் தீவனம் விலைக்கு வாங்க வேண்டியதாகிவிட்டது. டவுனில் உள்ள முதியோர் இல்லத்தில் அட்ராக்டா வாரம் நாலு நாள் வேலை பார்க்கிறாள். அதோடு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிறு என்றால் சம்பளம் கூட. அன்றிலிருந்து அவள், ஞாயிறு பூசைக்குப் பதிலாக, சனிக்கிழமை மாலைப் பூசைக்குத் தனியாகப் போனாள். அவர் ஞாயிறு காலைப் பூசைக்குத் தனியாகப் போனார்.

"இந்த வருசம் புல்லு நல்லா வந்தா செப்டம்பர்ல அந்த ஷிஃப்ட விட்டுரு," என்று மாலக்கி மே மாதம் சொன்னார். "பழையபடி ரெண்டு பேரும் ஒண்ணா பூசைக்குப் போலாம்."

"சத்தியமா?"

"புல்லப் பாரு, எப்படி நிக்குதுன்னு!"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இடுப்பு உயரத்துக்கு நின்றது.

ஜூலையில் மூன்று வாரம் விடாமல் மழை. பிறகு ரேடியோவில் நாலு நாள் வெயில் என்றார்கள். மாலக்கி வியாழக்கிழமை அறுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை புரட்டிவிட்டார். சனிக்கிழமை கட்டு கட்டியிருக்க வேண்டும். ஆனால் விடியும்போதே மூடுபனி, மத்தியானம் வரை தூறல். புல் நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. இனி இன்னொரு தரம் புரட்டி, இரண்டு மணி நேர வெயில் பட்டால்தான் கட்டலாம். அந்த வெயில் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. ஞாயிறு மாலையிலிருந்து ஒரு வாரத்துக்கு மழை என்று ரேடியோ அடித்துச் சொன்னது.

காலை ஏழே காலுக்கு அட்ராக்டா வேலை உடுப்போடு கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும்தான் காயும், தெரியும்ல?"

"கடவுள் பாத்துக்குவாரு."

"அவருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது மாலக்கி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கார் போய்விட்டது.

கோயிலில் அன்று பாதி ஆட்கள் பூட்ஸோடு வந்திருந்தார்கள். ஃபாதர் கான்லெத் மாட்டுக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பிரசங்கத்தை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் மைக்கைத் தட்டினார்.

"தரையில புல்லு கிடக்கிறவங்க இன்னைக்குப் போய் அள்ளலாம். பாவம் இல்ல. புல்லு இல்லாதவங்க, இருக்கிறவங்களுக்குப் போய் ஒத்தாசை பண்ணுங்க. ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போறவங்களுக்கு இந்த அனுமதி எதுவும் தேவையில்ல, நீங்க எப்படியும் போவீங்க."

கோயிலே சிரித்தது. மழைக்காலத்தில் சாமியார் பீடத்திலிருந்து இப்படி அனுமதி கொடுப்பது அந்தப் பக்கத்தில் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். பூசை முடிந்து ஐந்து நிமிடத்தில் கார் நிற்கிற இடம் காலி.

பார்ட்லி மட்டும் மாலக்கிக்காக நின்றார். "மதியத்துக்குள்ள ஒரு தடவ பொரட்டிவிட்டுரு. ரெண்டு மணிக்குக் கட்டுற மெஷினக் கொண்டாறேன்."

"வேணாம் பார்ட்லி."

"என்னது வேணாம்?"

"நான் இன்னைக்குக் கை வைக்கப் போறதில்ல."

"டேய், ஃபாதரே சொல்லிட்டாருடா!"

"அனுமதி குடுத்தாரு. கட்டளையா போட்டாரு? நான் வார்த்தை குடுத்திருக்கேன்."

பார்ட்லி தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "ஆம்புலன்ஸ்ல குடுத்த வார்த்தையா? அப்ப உனக்கு ஊசி போட்டு, நீ மயக்கத்துல இருந்தியே. சரி விடு. போப்பாண்டவருக்கு மேல ஒரு பதவி காலியா இருந்தா சொல்றேன், எழுதிப் போடு."

மாலக்கி வீட்டுக்கு வந்தார். கோழியை அடுப்பில் வைத்தார். உருளைக்கிழங்கு உரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து செபமாலையைக் கையில் எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே, பாருங்கள், ஊர் முழுவதும் டிராக்டர் சத்தம்! பள்ளிக்கூட டீச்சர்கூடப் புல் வாரும் வாரியோடு யாருடைய நிலத்திலோ நின்றுகொண்டிருந்தாள். மணியை உருட்டினார். எத்தனையாவது மணி என்று மறந்துபோனது. திரும்ப ஆரம்பித்தார். திரும்ப மறந்துபோனது. இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்குள் வந்து உட்காரும் அந்த அமைதி இன்று வாசலோடு நின்றுவிட்டது. சோதனை என்று நினைத்தார். தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். சத்தம் வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தினார்.

மூன்றரைக்கு அட்ராக்டாவின் கார் வரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு கொட்டகைப் பக்கத்திலிருந்து டிராக்டர் கிளம்பும் சத்தம். மாலக்கி எழுந்து ஓடினார்.

நீல வேலை உடுப்போடு, வெள்ளைச் செருப்போடு, நெஞ்சில் பெயர் எழுதின பட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் டிராக்டரின் மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் புரட்டும் மெஷின். அவள் விவசாயி மகள், அதை மாட்டத் தெரியும்.

"எறங்கு அட்ராக்டா! ஞாயித்துக்கெழம!"

அவள் இஞ்சினை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுத்தான் பேசினாள், அவருக்குக் காது கேட்க வேண்டும் என்று.

"எனக்கும் தெரியும் என்ன கெழமன்னு. காலையில இருந்து ஒன்பது பேர எழுப்பிக் குளிப்பாட்டி உடுப்பு மாட்டி விட்டிருக்கேன். அதுல ஒரு அம்மா என்னையக் கடிச்சிருச்சு." கையை நீட்டிக் காட்டினாள். "வர்ற வழியெல்லாம் எல்லார் நெலத்துலயும் ஆளு. நம்ம நெலத்துல மட்டும் காக்கா."

"அது நோயாளிகளப் பாக்குற வேல. அது பாவம் இல்ல, அனுமதி உண்டு..."

"நான் பாவத்தப் பத்திக் கேக்கல."

"கடவுளுக்குக் குடுத்த வார்த்தை..."

"எனக்கு ஒண்ணு குடுத்தியே மாலக்கி? அது எந்த டிராயர்ல இருக்கு? ஃபோனோட சேத்துப் பூட்டிட்டியா?"

செப்டம்பர். அதை மறக்கவில்லை அவர். ஆனால் அதை ஒரு வார்த்தையாக, கொடுத்த வார்த்தையாக, ஒரு நாளும் நினைத்ததில்லை. அடுப்படியில் சும்மா பேசிக்கொண்டது என்றுதான் நினைத்திருந்தார்.

"இத்தன வருசமா ஓய்வுநாள் கொண்டாடுற," என்றாள் அவள். குரல் உடையவில்லை, அதுதான் அவரைப் பயப்படுத்தியது. "நல்லாருக்கு. உன் மொகமே மாறிருச்சு. எனக்கு அது பிடிச்சுதான் இருந்துச்சு. ஆனா அந்த நாள உனக்கு யாரு வாங்கிக் குடுக்குறான்னு ஒரு தடவயாவது யோசிச்சியா? இந்தப் புல்லு போச்சுன்னா அடுத்த வருசமும் நான்தான் வாங்கித் தரணும்."

இஞ்சினை மறுபடி கிளப்பினாள்.

மாலக்கி வேலியோரத்தில் நின்றார். அந்த இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு. அவள் ஒரு நடை போய்த் திரும்பினாள். இரண்டாம் நடை. அவருக்குக் கடவுளிடமிருந்து ஒரு குரலும் கேட்கவில்லை. தெளிவும் வரவில்லை. கொடுத்த வார்த்தையை மீறுகிறோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. கொட்டகைக்குப் போய் வாரியை எடுத்தார். நிலத்தில் கால் வைக்கும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்தேகாலுக்கு, பக்கத்து நிலத்திலிருந்து அவர்களைப் பார்த்துவிட்டு, பார்ட்லி மெஷினோடு வந்தார். இந்தத் தடவை கிண்டல் எதுவும் இல்லை. அட்ராக்டாவின் உடுப்பையும் மாலக்கியின் முகத்தையும் பார்த்துவிட்டு, "மேட்டுப் பக்கம் காஞ்சிருக்கு, அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்," என்றார். அவ்வளவுதான். மூன்று பேரும் மூச்சு விடாமல் வேலை செய்தார்கள். ஆறு மணிக்குத் தூரத்தில் கோயில் மணி அடித்தது. மாலக்கி நிமிர்ந்தார். அட்ராக்டா கட்டைத் தூக்கிக்கொண்டே அவரைப் பார்த்தாள். அவர் செபத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த கட்டைத் தூக்கினார்.

ஏழு மணிக்கு முதல் துளி விழுந்தது. ஏழு பத்துக்குக் கொட்டியது. மேட்டு நிலத்துப் புல் கொட்டகைக்குள் வந்துவிட்டது. பள்ளத்தில் கிடந்தது முழுவதும் அவர்கள் கண் முன்னால் நனைந்து கறுத்தது. மூன்று மணி நேரம், வெறும் மூன்று மணி நேரம் முன்னால் தொடங்கியிருந்தால் எல்லாமே வந்திருக்கும்.

கோழி கரிந்துபோயிருந்தது. ரொட்டியும் வெண்ணெயும் தின்றார்கள்.

"உள்ள வந்த புல்லு அஞ்சு மாட்டுக்குத்தான் பத்தும்," என்றார் மாலக்கி.

"எட்டு மாடு இருக்கு."

"மூணக் குடுத்துறலாம். செவ்வாக்கெழமைச் சந்தையில."

அட்ராக்டா கத்தியைக் கீழே வைத்தாள். அந்த எட்டும் அவருக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒவ்வொன்றாகக் கன்றுக்குட்டியாகக் கொண்டுவந்தவை.

"குடுத்தா குடு. ஆனா ஒண்ணு. அதத் தியாகம்னு நெனச்சுக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்காத. பூசையில அத ஒரு வேண்டுதலா வச்சுக் கும்பிடாத. புல்லு இல்ல, அதனால விக்கிற. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்றார் அவர்.

அந்த வாரம் சனிக்கிழமை மாலக்கி பாவசங்கீர்த்தனத்துக்கு, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனார். வார்த்தையை மீறியதைச் சொல்வதா, காப்பாற்றியதைச் சொல்வதா என்று வரிசையில் நின்றபோது அவருக்குப் புரியவில்லை. இரண்டையும் சொன்னார். ஃபாதர் கான்லெத் பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மூன்று மாடு விற்றாயிற்று, தீவனம் வாங்க வேண்டியதில்லை. செப்டம்பரில் அட்ராக்டா ஞாயிறு ஷிஃப்டை விட்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை மாலக்கி ஆறு மணிக்கே எழுந்தார். இருவருடைய கோட்டுகளையும் பிரஷ் போட்டுத் துடைத்தார். ரொட்டி சுட்டார். ஒன்பது மணிக்குப் படுக்கையறைக் கதவைத் திறந்தார்.

அவள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பூசை ஒன்பதரைக்கு. சனிக்கிழமை மாலைப் பூசைக்கும் அவள் போகவில்லை. நாளைக்கு ஒன்றாகப் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

தோளைத் தொடக் கை நீட்டினார். ஞாயிறு பூசையை வேண்டுமென்று விடுவது சாவான பாவம், நரகத்துக்கு இழுக்கிற பாவம் என்று சின்ன வயதில் படித்தது நினைவுக்கு வந்தது. எழுப்பினால் எழுந்து வருவாள், அதில் சந்தேகமே இல்லை. ஒரு வருடமாக அலாரம் அடித்ததும் எழுந்து போகிறவள்தானே.

கையை இழுத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ரொட்டியைத் துணியில் மூடி மேசையில் வைத்துவிட்டு, பயத்தோடுதான், தனியாகக் கோயிலுக்கு நடந்தார்.

கோயில் வாசலில் பார்ட்லி சுற்றிமுற்றிப் பார்த்தார். "எங்கய்யா உன் வீட்டம்மா? இனிமே ரெண்டு பேரும் ஜோடியா வருவோம்னு பீத்திக்கிட்டிருந்தியே!"

"தூங்குறா."

"பூசை நேரத்துலயா? நீ எழுப்பலயா?"

"இல்ல," என்றார் மாலக்கி. "இது அவளோட ஞாயித்துக்கெழம."